ஜெபத்தின் கடைசி வரியில் மட்டும் வரும் பிதா

கிறிஸ்துவுக்குள் அன்பான, ஆராதனை நடத்தும் தம்பி தங்கைகளுக்கும், பாட்டு எழுதுகிற சகோதர சகோதரிகளுக்கும், எங்கள் ஐயர்மார், பாஸ்டர்மார் எல்லோருக்கும்,

ஸ்தோத்திரம்.

ஓய்வுநாள் பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள் நான். போன மாதம் பரமண்டல ஜெபம் சொல்லிக்கொடுத்தேன். கைகூப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, என் பின்னாலேயே சொல்லிக்கொண்டு வந்தார்கள். முடிந்ததும் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து, "டீச்சர், பிதான்னா யாரு?" என்றாள். "பரலோகத்துல இருக்கிற நம்ம அப்பா" என்றேன். "அது இயேசப்பாதானே?" என்றாள். "இல்லம்மா, இயேசுவுக்கும் அவர்தான் அப்பா." கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்போ அவருக்கு நாம பாட்டே பாடலையே டீச்சர்."

அன்றைக்கு ஆராதனையில் திரையில் ஓடிய வரிகளைக் கவனித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஐந்து பாட்டு. ஐந்தும் இயேசுவைப் பார்த்துப் பாடுகிற பாட்டு. நல்ல பாட்டுகள்தான், நானும் கண்கலங்கித்தான் பாடினேன். ஆனால் துதி நேரம் முடியும்வரை பிதா என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. பிள்ளை சொன்னது சரி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இயேசுவைத் துதிப்பது தவறு என்று நான் சொல்லவே இல்லை. ஸ்தேவான் கல்லெறிபட்டுச் சாகும்போது இயேசுவை நோக்கித்தான் ஜெபித்தார். தோமா அவரை "என் தேவனே" என்றார். வெளிப்படுத்தின விசேஷத்தில் ஆட்டுக்குட்டியானவருக்கு வானமும் பூமியும் துதி செலுத்துகின்றன. கி.பி. 112 வாக்கில் பித்தினியா நாட்டு ஆளுநர் பிளினி ரோமப் பேரரசனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாவித்துப் பாடுகிறார்கள் என்று இருக்கிறது. குமாரனைக் கனம்பண்ணாதவன் பிதாவையும் கனம்பண்ணாதவன் என்று யோவான் 5-ஆம் அதிகாரம் சொல்கிறது. அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

என் பாரமெல்லாம், அந்தக் குமாரன் நம் கையைப் பிடித்து யாரிடம் கூட்டிக்கொண்டு போக வந்தாரோ, அவரை நாம் மறந்துபோனோமே என்பதுதான். சீஷர்கள் ஜெபிக்கக் கற்றுக்கொடும் என்று கேட்டபோது, "எங்கள் பிதாவே" என்று தொடங்கத்தான் அவர் கற்றுக்கொடுத்தார். சீகார் கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் பேசும்போதும், உண்மையாய்த் தொழுதுகொள்ளுகிறவர்கள் பிதாவைத் தொழுதுகொள்ளும் காலம் வந்துவிட்டது என்றார். அப்படிப்பட்டவர்களைப் பிதா விரும்புகிறார் என்று நம் வேதாகமத்தில் வாசிக்கிறோம். கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் இருக்கும் சொல்லுக்குத் 'தேடுகிறார்' என்று பொருள். பிதா தேடிக்கொண்டிருக்கிறார்! இதை வாசிக்கிறபோதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும்.

பவுலும் இந்த வழியைத்தான் காட்டுகிறார். எபேசியர் 2:18-ஐ எடுத்துப் பாருங்கள்: ஒரே ஆவியினாலே, குமாரன் மூலமாய், பிதாவினிடத்தில். 5-ஆம் அதிகாரத்தில், சங்கீதங்களினாலும் கீர்த்தனைகளினாலும் பாடுங்கள் என்று சொன்ன கையோடு, இயேசுகிறிஸ்துவின் நாமத்தினாலே பிதாவாகிய தேவனை ஸ்தோத்திரியுங்கள் என்கிறார். எல்லா நாவும் இயேசுவைக் கர்த்தரென்று அறிக்கைபண்ணுவதுகூட எதற்காக? "பிதாவாகிய தேவனுக்கு மகிமையாக" என்று பிலிப்பியர் 2:11 சொல்கிறது.

ஆதி சபையும் இதில் கவனமாக இருந்தது. 393-இல் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரில் கூடிய சங்கம், பீடத்தின் முன் நிற்கும்போது ஜெபம் எப்போதும் பிதாவை நோக்கியே இருக்கவேண்டும் என்று விதி எழுதியது. அதற்கு முன்பே ஆரியு என்ற குருவின் போதனை சபையைக் கலக்கியிருந்தது. 'குமாரன் மூலமாய்' என்று நீங்களே சொல்கிறீர்களே, அப்படியானால் அவர் பிதாவுக்குக் கீழானவர்தானே என்று அந்தக் கூட்டத்தார் வாதாடினார்கள். அதற்கு மறுப்பாக, குமாரனையே நேராக நோக்கும் ஜெபங்களும் துதிகளும் ஆராதனையில் பெருகின என்று யோசப் யுங்மன் என்ற ஆஸ்திரிய யேசுசபைக் குரு 1925-இல் விரிவாக எழுதினார். அந்த மறுப்பு அன்று தேவைப்பட்டது, சரி. அதற்காக வழி காட்டுகிறவரைப் பிடித்துக்கொண்டு, போய்ச் சேரவேண்டிய வீட்டை விட்டுவிடலாமா?

நம் பழைய ஆராதனை முறைமைகள் இதை இன்னும் விடவில்லை. சி.எஸ்.ஐ. சபைகளில் நற்கருணை ஜெபம் பிதாவை நோக்கித்தான் சொல்லப்படுகிறது. கத்தோலிக்கத் திருப்பலியில் குரு அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்தி, "இவர் வழியாக, இவரோடு, இவரில்" என்று தொடங்கி எல்லாப் புகழையும் தந்தைக்கே ஏறெடுக்கிறார். கீபோர்டும் டிரம்ஸும் வந்த நம் துதி நேரத்தில்தான் இது நழுவிவிட்டது.

இப்போது இயேசப்பா என்ற சொல்லுக்கு வருகிறேன். இதைச் சொல்ல எனக்கே தயக்கமாக இருக்கிறது. என் பாட்டி அடுப்படியில் நின்றுகொண்டே "இயேசப்பா, இன்னைக்கும் நடத்தும்" என்று சொல்லித்தான் உலை வைப்பார்கள். அந்தச் சொல்லில் இருக்கிற பாசத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதே பாட்டி இரவில் குடும்ப ஜெபம் முடிக்கும்போது, "இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஜெபம் கேளும் எங்கள் ஜீவனுள்ள நல்ல பிதாவே" என்பார்கள். நாம் எல்லோருமே இன்றைக்கும் அப்படித்தான் முடிக்கிறோம். ஜெபம் எங்கெங்கோ சுற்றினாலும் கடைசி வரியில் வீடு வந்து சேர்ந்துவிடுகிறது. அந்தக் கடைசி வரியை மட்டும் வைத்துக்கொண்டு, முன்னால் இருப்பதையெல்லாம் குழப்பிவிட்டோம். "பிதாவே, நீர் எனக்காகச் சிலுவையில் இரத்தம் சிந்தினீரே" என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு ஜெபிப்பதை எத்தனை தடவை கேட்டிருப்பேன்! இப்படிப் பேசுகிறவர்கள் பிதாவையே சிலுவையில் அறைந்துவிட்டார்கள் என்று, ஆதி சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் மூன்றாம் நூற்றாண்டிலேயே கண்டித்த பிசகு இது. ஜெபிக்கிறவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. வாரா வாரம் பாடுகிற பாட்டுதானே நாவுக்குப் பழகும்?

இன்னொன்றும் உண்டு. என் அப்பா அதிகம் பேசமாட்டார். பள்ளிக்கூடத்துக்குப் பீஸ் கட்டவேண்டும் என்றால்கூட, "அம்மா, அப்பாகிட்ட சொல்லுங்கம்மா" என்று அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பேன். பிதாவையும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவர் கோபக்காரர், இயேசு நடுவில் நின்று சமாதானம் பண்ணுகிறார் என்று. யோவான் 16-இல் ஆண்டவர் சொல்வதை ஒருநாள் நிதானமாக வாசித்தேன்: உங்களுக்காகப் பிதாவைக் கேட்டுக்கொள்வேன் என்று நான் சொல்லவேண்டியதில்லை, "பிதா தாமே உங்களைச் சிநேகிக்கிறார்." அன்றைக்கு முழுதும் எனக்கு வேலையே ஓடவில்லை.

என் வகுப்பில் ஒரு பையன், "எங்கள் பிதாவே" என்றதும் வாயை மூடிக்கொள்வான். அவன் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். அவனுக்கு அப்பா என்றால் ராத்திரியில் குடித்துவிட்டு வந்து அடிக்கிறவர். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகவே அந்த வார்த்தையைத் தவிர்த்துவிடலாம் என்று ஒரு சகோதரி சொன்னார். எனக்கு மனசு ஒப்பவில்லை. இயேசு சொன்ன உவமையில், கெட்ட குமாரன் திரும்பி வரும்போது, தூரத்திலேயே கண்டு, ஓடிப்போய்க் கட்டிக்கொண்ட தகப்பன் ஒருவர் இருக்கிறார் என்று அவனுக்கு யார் சொல்வது? அந்தக் காலத்துப் பெரிய மனுஷன், அங்கியைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடுகிறார்! அதைப் பாட்டாகப் பாடினால், ஒருநாள் அவனும் வாய் திறப்பான்.

ஆகவே ஆராதனை நடத்துகிறவர்களே, பாட்டுப் பட்டியல் போடும்போது, இந்தப் பாட்டு யாரைப் பார்த்துப் பாடுகிறது என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு வார்த்தை எழுதிப் பாருங்கள். முதல் பாட்டாவது பிதாவை நோக்கி இருக்கட்டும். பாட்டுக்கு நடுவில் ஜெபிக்கும்போது யாரிடம் பேசத் தொடங்கினீர்களோ, அவரிடமே பேசி முடியுங்கள். ஐயர்மாரே, பாஸ்டர்மாரே, இதைப் பிரசங்கத்தில் ஒருமுறை நிதானமாகச் சொல்லிக்கொடுங்கள், ஜனங்கள் பிடித்துக்கொள்வார்கள்.

பாட்டு எழுதுகிறவர்களிடம் ஒரு தனி விண்ணப்பம். இந்த வருஷம் பிள்ளைகள் ஞாயிறுக்கு என் வகுப்பு மேடை ஏறவேண்டும். பிதாவுக்கென்று எங்களுக்கு ஒரு பாட்டு எழுதித் தாருங்கள். நாலே வரி போதும். அடைக்கலான் குருவியையும் மறக்காதவர், தலைமயிரையெல்லாம் எண்ணி வைத்திருக்கிறவர், தம் ஒரே குமாரனையே நமக்குத் தந்தவர் என்று வரட்டும். ஆறு வயதுப் பிள்ளைகள் கைதட்டிப் பாடுகிற மெட்டாக இருக்கட்டும். முன்வரிசையில் அந்தச் சிறுமியையும், அவள் பக்கத்தில் அந்தப் பையனையும் நிறுத்திவைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன்.

பிதாவின் குடும்பத்தில் உங்கள் சகோதரி,
ஓர் ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியை