ஏ.சி., கீசர், பிளம்பிங் ஒப்பந்தக்காரர்கள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, வேளச்சேரி, ஆதம்பாக்கம், பள்ளிக்கரணை, திருவான்மியூர் பக்கமிருந்து சீசன் நேரத்திலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கை இது. செயற்குழு மாதம் ஒருமுறை கூடியது. டிசம்பரில் மட்டும் மழையால் கூடவில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நான் நேராக ஆகஸ்ட் மாதத்துக்கு வந்துவிடுகிறேன். இந்த ஆண்டு நாம் செய்த வேலை எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியது.

நம் உறுப்பினர் ஒருவரிடம் ஹெல்பராக இருந்த பையன் ஏ.சி. அவுட்டோர் யூனிட் மாட்டும்போது இரண்டாவது மாடி சன்ஷேடிலிருந்து விழுந்தான். இடுப்பெலும்பு முறிந்தது. உயிர் பிழைத்தான், இப்போது நடக்கிறான். ஆனால் இனி ஏணி ஏற முடியாது. “பெல்ட் போடவில்லையா?” என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். போட்டிருந்தான். கயிற்றை ஜன்னல் கிரில்லில் கட்டியிருந்தான். அந்த கிரில் மரச்சட்டத்தில் நாலு ஸ்க்ரூவை நம்பி நின்றது. அவன் எடை விழுந்ததும் கிரில்லும் கூடவே வந்துவிட்டது.

மறுநாள் நான் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கொட்டேஷனையும் வாங்கிப் பார்த்தேன். முதலில் போட்டதில் மூன்று ஆள் கூலி இருந்தது. பேரத்தில் அது இரண்டாகிவிட்டது. குறைந்த அந்த மூன்றாவது ஆள்தான் உள்ளே நின்று கயிற்றைக் கவனித்திருக்க வேண்டியவர். வாடிக்கையாளரையும் குறை சொல்ல முடியவில்லை. எதைக் குறைக்கிறோம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அதனால்தான் செப்டம்பர் கூட்டத்தில், கொட்டேஷனில் பாதுகாப்புச் செலவைத் தனி வரியாகப் போட வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். கயிறு பிடிக்கும் ஆள், பெல்ட், சாரம், உயரத்துக்கு ஏற்ற ஏணி எல்லாம் அந்த வரிக்குள். பேரம் பேசுவதென்றால் மற்ற வரிகளில் பேசட்டும், இதில் கை வைக்கக் கூடாது. “பக்கத்துத் தெருக்காரர் இதைப் போடாமல் வேலையைத் தட்டிக்கொண்டு போவார்” என்று சிலர் சொன்னார்கள். உண்மைதான், சிலருக்கு வேலை போனது, எனக்கும் போனது. ஆனாலும் ஏன் இந்த வரி என்று பொறுமையாகச் சொன்னபோது பெரும்பாலான வீட்டுக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள். இந்தத் தீர்மானத்தை இந்த ஆண்டும் தொடர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பெல்ட் விஷயத்தில் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இடுப்பில் மட்டும் கட்டும் பழைய பெல்ட் விழும்போது முதுகை முறித்துவிடும். தோள், தொடை இரண்டையும் பிடிக்கும் முழு உடல் பெல்ட்தான் வேண்டும், ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தர முத்திரை பார்த்து வாங்குங்கள். கயிற்றை கிரில்லிலோ, தண்ணீர்க் குழாயிலோ, பால்கனிக் கம்பியிலோ கட்டாதீர்கள். மொட்டைமாடித் தூணைச் சுற்றிக் கட்டலாம். அது முடியாவிட்டால் ஜன்னலைவிட நீளமான கனத்த இரும்புக் குழாயை அறைக்கு உள்ளே சுவரோடு குறுக்காக வைத்து அதில் கட்டலாம். விழுந்தவர் பெல்ட்டில் தொங்கினால் சில நிமிடங்களுக்குள் இறக்கிவிட வேண்டும். தொடையில் பட்டை இறுகி ரத்த ஓட்டம் தடைப்படும், தொங்கிக்கொண்டிருப்பதே உயிருக்கு ஆபத்து.

திருவான்மியூர், பெசன்ட் நகர், ஈ.சி.ஆர். பக்கம் வேலை செய்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உப்புக்காற்றில், அவுட்டோர் யூனிட்டைத் தாங்கும் ஆங்கிள் ஸ்டாண்ட் வெளியே பெயின்டோடு நன்றாகத்தான் தெரியும், போல்ட் உள்ளே அரித்துப் போயிருக்கும். பழைய ஸ்டாண்டில் கால் வைக்கவே வைக்காதீர்கள். சர்வீஸுக்குப் போகும்போதெல்லாம் அதைத் தட்டிப் பார்த்து பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். கீழே நடந்து போகிறவர்களின் உயிரும் அதில்தான் தொங்குகிறது.

ஏ.சி.யில் நிரப்பும் குளிரூட்டும் கேஸ் பற்றிய பயிற்சி இரண்டு நாள் நடந்தது. ஆர்-22 என்ற பழைய கேஸ் காலத்து பழக்கம் நம் கையை விட்டு இன்னும் போகவில்லை. இப்போது வரும் இயந்திரங்களில் ஆர்-32, சிலவற்றில் ஆர்-290. முதலாவது மெதுவாகத் தீப்பிடிக்கும், இரண்டாவது புரொப்பேன், சமையல் கேஸுக்கு அண்ணன் தம்பி. லைனில் கேஸ் மிச்சம் இருக்கும்போது டார்ச் பற்ற வைக்கக் கூடாது. ஆர்-32, ஆர்-410ஏ அழுத்தம் ஆர்-22-ஐப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல் என்பதால் பழைய கேஜும் ஹோஸும் உதவாது. லீக் பார்க்க நைட்ரஜன் மட்டும்தான், அதுவும் ரெகுலேட்டரோடு. ஆக்ஸிஜன் ஏற்றிப் பார்க்கும் வழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது என்று பயிற்சியில் கேட்டபோது எனக்கு வயிறு கலங்கியது. கம்பிரசர் ஆயிலும் ஆக்ஸிஜனும் அழுத்தத்தில் சேர்ந்தால் வெடிக்கும். பம்ப் டவுன் செய்யும்போது, அதாவது கேஸை அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்து அடைக்கும்போது, லைனில் காற்று புகுந்தாலும் கம்பிரசர் வெடிக்க வாய்ப்புண்டு. இன்வெர்ட்டர் ஏ.சி. போர்டில் மெயினை அணைத்த பிறகும் கெபாசிட்டரில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் சில நிமிடம் நிற்கும். மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வையுங்கள்.

கீசர் பற்றிச் சுருக்கமாக: எர்த் இல்லாத பாயின்ட்டில் மாட்டாதீர்கள், சேஃப்டி வால்வை அடைக்காதீர்கள், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் டிரிப்பர் இல்லாத வீட்டில் அதைப் போடச் சொல்லுங்கள்.

அடுத்தது பிளம்பிங் உறுப்பினர்களுக்கான விஷயம். ஃபிளாட்களில் அடைப்பு எடுக்கப் போனால் “கொஞ்சம் இறங்கிப் பார்த்துடுப்பா” என்று செப்டிக் டேங்க் மூடியைத் திறந்து காட்டுகிறார்கள். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவது மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறையே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உயிர் போனால் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. 2025 ஜனவரி 29 அன்று சென்னை உட்பட ஆறு பெருநகரங்களில் கழிவுநீர்க் குழாயில் மனிதர் இறங்கிச் சுத்தம் செய்வதை நிறுத்தச் சொல்லியும் உத்தரவிட்டிருக்கிறது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். உள்ளே இருக்கும் வாயு அழுகிய முட்டை வாடை அடிக்கும், அளவு கூடினால் மூக்கு மரத்து வாடையே தெரியாது. வாடை போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறவர் மேலே வருவதில்லை, அவரைத் தூக்கக் குதிக்கிறவரும் வருவதில்லை. மெழுகுவர்த்தி இறக்கிப் பார்ப்பது சோதனையே அல்ல, உள்ளே மீத்தேன் இருந்தால் தீப்பிடிக்கும். கழிவுநீர் அகற்றும் உதவி எண் 14420-க்கு அழைத்து லாரி வரவழையுங்கள். நம் சங்கத்தில் யாரும் இறங்கக் கூடாது, யாரையும் இறக்கக் கூடாது. அப்புறம், குடிநீர் சம்ப்தானே என்றும் அலட்சியம் வேண்டாம். மூடிகளைத் திறந்து காற்றோட்டம் விட்டு, மேலே ஓர் ஆளை நிறுத்திய பிறகே இறங்குங்கள். பெட்ரோல் மோட்டாரை உள்ளே இறக்கி ஓட்டவே கூடாது.

வெயிலைப் பற்றி. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. நமக்கோ வெயில்தான் சீசன். பகல் 12 முதல் 3 வரை மொட்டைமாடி வேலை இல்லை என்று முடிவு செய்தோம். ஆனால் பல குடியிருப்புகளில் காலை 10 முதல் மாலை 5 வரை மட்டுமே வேலைக்காரர்களை உள்ளே விடுகிறார்கள். சத்தம் வரும் என்பது அவர்கள் கவலை. துளை போடும் வேலையைப் பத்து மணிக்கு மேல் வைத்துக்கொள்கிறோம், மாடி வேலைக்கு மட்டும் ஏழு மணிக்கு விடுங்கள் என்று குடியிருப்போர் சங்கங்களுக்குக் கடிதம் கொடுத்தோம். சில இடங்களில் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். மே 4-இல் அக்னி நட்சத்திரம் தொடங்குவதற்குள் மற்ற இடங்களுக்கும் நேரில் போகிறோம். கூட வர விருப்பமுள்ளவர்கள் இன்றே என்னிடம் பெயர் கொடுங்கள்.

கடைசியாகக் காப்பீடு. விழுந்த பையனுக்கு எதுவுமே இல்லை; மருத்துவச் செலவை உரிமையாளரும் சங்கமும் பகிர்ந்துகொண்டோம். பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு கட்டாயம். நம்மில் பலரிடம் நாலைந்து பேர்தான். அவர்களுக்குப் பிரதமரின் விபத்துக் காப்பீடு இருக்கிறது: ஆண்டுக்கு 20 ரூபாய், இறந்தால் இரண்டு லட்சம். போதாது, ஆனால் இல்லாமல் இருக்கக் கூடாது. பிளம்பர்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்திலும் பதிந்துகொள்ளுங்கள். படிவம் நிரப்ப வாரம் ஒருநாள் மாலை அலுவலகத்தில் ஆள் இருப்பார். பிரதமர் காப்பீட்டுக்கான அந்த 20 ரூபாய் மே கடைசியில் வங்கிக் கணக்கிலிருந்து எடுக்கப்படும். உங்கள் ஹெல்பர்கள் கணக்கில் அன்று இருபது ரூபாய் இருக்கிறதா என்று நீங்களே கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் போட்டுவிடுங்கள்.

சங்கம் வாங்கிய முழு உடல் பெல்ட்களும் கயிறுகளும் அலுவலக அலமாரியில் இருக்கின்றன. வாடகை கிடையாது. சாவி எதிர் டீக்கடையில் இருக்கும், காலை ஆறு மணிக்கே வாங்கிக்கொள்ளலாம்.

இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். நன்றி.

செயலாளர்