குருமடத்தில் படிக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

போன விடுமுறையில், "மக்களுக்கு என்னக்கா இறையியல் தெரியும், நாமதான் சொல்லிக்கொடுக்கணும்" என்று பேச்சுவாக்கில் சொன்னாய். அப்படி நினைக்கிறவர்கள் இன்னும் பலர் உண்டு என்பதால் பொதுவிலேயே பதில் எழுதுகிறேன்.

428-இல் கான்ஸ்டாண்டிநோபிளுக்கு நெஸ்தோரியுஸ் ஆயராக வந்தார். மரியாவைக் கடவுளின் தாய் என்று அழைக்கக் கூடாது என்ற போதனை பிரசங்க மேடையிலிருந்தே வந்தது. அவர் மறையுரையின் நடுவிலேயே எழுந்து மறுத்துக் குரல் கொடுத்தவர் எவுசேபியுஸ். அப்போது அவர் குருவல்லாத சாதாரண விசுவாசி, பொதுநிலையினர்தான்; ஆயரானது பிற்பாடு. 431 ஜூனில் இந்தச் சர்ச்சையைத் தீர்க்க ஆயர்கள் எபேசு நகரில் திருச்சங்கமாகக் கூடிய அன்று, ஊர் மக்கள் காலையிலிருந்து இருட்டும்வரை காத்துக் கிடந்தார்கள். நெஸ்தோரியுஸுக்கு எதிராகத் தீர்ப்பானதும் தீப்பந்தம் பிடித்து ஆயர்களைத் தங்குமிடம்வரை கொண்டுபோய் விட்டார்கள். பெண்கள் தூபக்கலசம் ஏந்தி முன்னே போனார்கள். சங்கத்தை நடத்திய அலெக்சாந்திரியா ஆயர் சிரிலே இதைக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். நம் பாட்டிமார் செபமாலையில் "சர்வேசுரனுடைய மாதாவே" என்கிறார்களே, அந்த மக்கள் விட்டுக்கொடுக்காத பட்டம் அதுதான்.

நான்காம் நூற்றாண்டிலும் இதே கதை. இயேசு கடவுளுக்கு இணையானவர் அல்ல என்று போதித்த ஆரியுஸால் வந்த குழப்பத்தில் எத்தனையோ ஆயர்கள் தடுமாறியபோது விசுவாசத்தைக் காத்தவர்கள் பொதுமக்களே என்று 1859-இல் இங்கிலாந்துக் குருவான நியூமன் எழுதினார். அதற்காக அவர்மேல் உரோமைக்குப் புகார் போனது. இன்று அவர் புனிதர்.

சரி, கூட்டம் சொல்வதெல்லாம் வேதமா? இல்லை. மக்களின் இந்த விசுவாச உணர்வு ஓட்டெடுப்பு அல்ல. செபத்திலும் திருப்பலியிலும் இறைவார்த்தையிலும் ஊறிய மனதுக்குத் தூய ஆவியார் தரும் உணர்வு இது. அந்தந்த நேரத்துப் பொதுக்கருத்து என்பது வேறு விஷயம். ஆயர்கள் முதல் கடைசிப் பொதுநிலையினர்வரை எல்லாரும் ஒருமித்து நம்புவதில் இறைமக்கள் தவற முடியாது என்று 1964-இல் வத்திக்கான் சங்கமே சொல்லிவிட்டது. அதற்கும் முன்னால், 1849-இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் அமலோற்பவத்தைப் பற்றி, அதாவது மரியா பிறப்புநிலைப் பாவமின்றி உருவானார் என்ற நம்பிக்கையைப் பற்றி, உலக ஆயர்களுக்கு எழுதியபோது, உங்கள் மக்களின் பக்தி எப்படி இருக்கிறது என்றும் கேட்டார். அதை விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கும் பிரகடனம் வந்தது 1854-இல்தான். கேட்பதால் திருத்தந்தையின் அதிகாரம் குறைந்துவிடவில்லையே!

நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு மறையுரை தயாரிக்கப் போவதாகச் சொன்னாய். எழுத உட்காரும் முன் நம் அன்பியத்துப் பெண்களிடம் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் நம் பங்குக் குழு), இறந்தவர்களுக்காக ஏன் பூசை வைக்கிறீர்கள் என்று ஒரு சாயங்காலம் கேள். பதிலை அவர்கள் வாய்மொழியிலேயே குறித்துக்கொண்டு, அப்புறம் உன் புத்தகத்தைத் திற.

அன்புடன்,
அக்கா