மொத்தமாக வேண்டாம், மாதந்தோறும் கொடு

அன்பு மகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இந்த ஆண்டு கிடைத்த ஊக்கத்தொகையை ஏதாவது ஒரு மனித உரிமைக் குழுவுக்கு அப்படியே கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். கேட்ட கையோடு, "இவர்கள் எப்போதும் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்குத்தானே பரிந்து பேசுகிறார்கள்" என்று ஒரு சந்தேகத்தையும் எழுதியிருக்கிறாய். சந்தேகத்துக்கே முதலில் பதில் சொல்கிறேன். அது தீராமல் பணம் கொடுத்தாயானால், நாளிதழில் அந்தக் குழுவைத் திட்டி ஒரு செய்தி வந்த அன்றே கையை இழுத்துக்கொள்வாய்.

காவலில் ஒருவர் இறந்துபோனால், அவர் திருடினாரா இல்லையா என்பது அந்தக் குழுவின் கேள்வி அல்ல. அதை விசாரிக்க நீதிமன்றம் இருக்கிறது. எத்தனை மணிக்குப் பிடித்தார்கள், எந்த நேரத்தைப் பதிவேட்டில் எழுதினார்கள், வீட்டாருக்கு யார் தகவல் சொன்னார்கள், மருத்துவர் உடம்பைப் பார்த்தாரா, பார்க்காமலே சான்று எழுதினாரா என்பவைதான் அவர்களுடைய கேள்விகள். எல்லோருக்கும் பிடித்தமான மனிதருக்காகப் பேச எத்தனையோ பேர் வருவார்கள். ஊரே வெறுக்கும் ஒருவனுக்காக அந்தக் கேள்விகளைக் கேட்க யாராவது வேண்டும், கண்ணா. அவனிடம் விதியை மீறிப் பழகிய கை அவனோடு நின்றுவிடாது.

இன்று கைது செய்ய வரும் காவலர் தன் பெயர் தெரியும்படி பட்டை அணிந்திருக்க வேண்டும், கைதுக் குறிப்பில் ஒரு சாட்சி கையெழுத்திட வேண்டும், உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும், காவலில் இருப்பவரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்றெல்லாம் இருக்கிறதே, இதெல்லாம் எப்படி வந்தது தெரியுமா? மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பொன்றின் தலைவராக இருந்த டி.கே. பாசு, காவல் மரணங்களைப் பற்றி நாளிதழ்களில் வந்த செய்திகளைச் சுட்டிக்காட்டி, 1986 ஆகஸ்டில் இந்தியத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். உச்ச நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டது. 11 கட்டளைகள் அடங்கிய தீர்ப்பு வந்தது 1996 டிசம்பரில். கடிதத்துக்கும் தீர்ப்புக்கும் இடையில் பத்து ஆண்டுகள் ஓடிவிட்டன. காகிதத்தில் இருக்கும் அந்தக் கட்டளைகளைக் காவல் நிலைய வாசலில் நின்று நினைவூட்டும் வேலை இன்னும் முடியவில்லை. அதைச் செய்பவர்கள் பெரும்பாலும் சிறு குழுக்கள்தான்.

அந்த வேலையை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். நீ பள்ளியில் படித்த காலத்தில் உண்மை அறியும் குழுக்களோடு நான் போய்வந்தது உனக்கு நினைவிருக்கும். மகனைப் பறிகொடுத்த ஒரு தாயிடம் வாக்குமூலம் வாங்குவது எப்படி என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர், எங்களோடு வந்த ஒரு மூத்த வழக்கறிஞர். முதலில் குறிப்பேட்டைத் திறக்கவே மாட்டார். அந்த அம்மா எங்கிருந்து தொடங்குகிறாரோ அங்கிருந்து சொல்ல விடுவார். குறுக்கே பேச மாட்டார். சொல்லி முடித்த பிறகுதான் நேரம் கேட்பார். அதையும் கடிகார மணியாகக் கேட்க மாட்டார். "குழாயில் தண்ணீர் வந்துவிட்டதா? பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பிவிட்டார்களா?" என்று கேட்டுக் கேட்டு நேரத்தைக் கண்டுபிடிப்பார். மகன் எந்த நிறச் சட்டையோடு போனான் என்று கேட்பார், உடல் திரும்பி வந்தபோது அந்தச் சட்டை இருந்ததா என்று கேட்பார். கடைசியில், எழுதியதை வரி வரியாகப் படித்துக் காட்டுவார். "இதில் எதை வெளியே சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது?" என்று கேட்காமல் எழுந்திருக்க மாட்டார். நாங்கள் வண்டி ஏறிப் போய்விடுவோம், அந்த அம்மா அதே தெருவில்தான் இருந்தாக வேண்டும்.

இந்த வேலைக்கு நிதி கிடைப்பது அரிது. நன்கொடை தருகிறவர்களில் பலர் கருத்தரங்குக்குத் தருவார்கள், பயிலரங்குக்குத் தருவார்கள். பஸ் டிக்கெட்டுக்கும், நகல் எடுக்கும் செலவுக்கும், அலுவலக வாடகைக்கும், நாலாவது முறையாக ஒத்திவைக்கப்பட்ட வழக்குக்கு வக்கீலை அனுப்புவதற்கும் தர மாட்டார்கள். அதனால்தான் சொல்கிறேன், மொத்தமாகத் தூக்கிக் கொடுக்காதே. மாதாமாதம் கொடு, இன்ன செலவுக்கு என்று கட்டுப்போடாமல் கொடு. அடுத்த மாதமும் பணம் வரும் என்று தெரிந்தால்தான் ஒரு குழு மூன்று ஆண்டு இழுக்கும் வழக்கைக் கையில் எடுக்கும். தொகை சிறிதாக இருப்பதும் ஒரு வகையில் நல்லது. நூறு பேர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும் குழுவை ஒரு பெரிய கை மிரட்ட முடியாது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், இனப் பாகுபாட்டை எதிர்த்து மான்ட்கோமரி நகரப் பேருந்துகளைக் கறுப்பின மக்கள் 381 நாட்கள் புறக்கணித்தார்கள் அல்லவா? 1955 டிசம்பரில் தொடங்கிய அந்தப் போராட்டத்தில் தலைவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். ஜார்ஜியா கில்மோர் என்ற சமையற்காரப் பெண்மணியைப் பலருக்குத் தெரியாது. அவரும் அவரோடு சேர்ந்த பெண்களும் வீட்டில் சமைத்து விற்று, வந்த காசைக் கூட்டங்களில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மக்களை ஏற்றிச்சென்ற கார்களுக்கு எரிபொருள் போட அது உதவியது. பணம் எங்கிருந்து வருகிறது என்று வெளியே தெரிந்தால் அந்தப் பெண்களுக்கு வேலை போய்விடும், ஆகவே கொடுத்தவர்களின் பெயர்களைக் காத்தார்கள். அதே அலபாமா மாநில அரசு, கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பிடம் உறுப்பினர் பட்டியலைக் கேட்டது. தர மறுத்ததற்காக நீதிமன்றம் 1,00,000 டாலர் அபராதம் விதித்தது. பட்டியலைத் தர வேண்டியதில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1958-இல் ஒருமனதாகச் சொன்னது. சாதாரண மனிதர்கள் தரும் சின்னத் தொகைக்கு அதிகாரம் எவ்வளவு அஞ்சுகிறது, பார்.

எந்தக் குழு என்று நான் பெயர் சொல்லப் போவதில்லை. நீயே போய்ப் பார். அவர்களுடைய பழைய அறிக்கைகளை வாங்கிப் படி. குற்றம் சாட்டப்பட்ட அதிகாரியிடமும் விளக்கம் கேட்டிருக்கிறார்களா, கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் பிரித்து எழுதியிருக்கிறார்களா, ஒரு கட்சி ஆட்சியில் இருக்கும்போது மட்டும் குரல் கொடுக்கிறார்களா, பாதிக்கப்பட்டவர்களின் படத்தைப் போட்டுப் பணம் கேட்கிறார்களா என்று கவனி. கடைசியாகச் சொன்னதைச் செய்கிறவர்கள் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் எனக்குப் பிடிக்காது. தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கைக் கேள். நல்ல குழு அதற்காகக் கோபித்துக்கொள்ளாது.

பணத்தோடு நின்றுவிடாதே. உனக்கு இரண்டு மொழிகள் சரளமாக எழுத வரும். வாக்குமூலங்களை மொழிபெயர்க்க ஆள் இல்லாமல் அறிக்கைகள் மாதக்கணக்கில் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினாலே பெரிய உதவி. ஆனால், செய்யத் தொடங்குமுன் ஒன்று. அந்தக் காகிதங்களை அலுவலகக் கணினியில் திறக்காதே, நண்பர்களிடம் காட்டாதே. கைபேசியில் படம் எடுத்து வைக்கவும் வேண்டாம். அதில் இருப்பவை பிறருடைய பெயர்கள், பிறருடைய வீட்டு முகவரிகள்.

எந்தக் குழுவைப் பார்த்தாய், என்ன கேட்டாய், என்ன சொன்னார்கள் என்று விவரமாக எழுது. அவர்கள் அறிக்கை ஏதாவது கிடைத்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு.

அன்புடன்,
அம்மா