கையில் ஒரு நரம்புச் சீட்டு கொடுங்கள்

கீமோ பகல்நேரப் பிரிவை நடத்தும் மருத்துவர்களுக்கும் நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம். காசிமேடு முதல் எண்ணூர் வரை உள்ள புற்றுநோயாளிகளுக்குத் துணையாக வருகிறவர்கள் எழுதுகிறோம். போன வாரம் வந்த மீன்கார அம்மாவின் கையை நீங்களும் பார்த்தீர்கள். முழங்கைக்குக் கீழே நரம்பு (ரத்தக் குழாய்) கறுத்து, தொட்டால் நைலான் கயிறு போல விறைத்துக் கிடந்தது. அன்னக்கூடையைத் தூக்க அந்தக் கை எழவில்லை. “ஐஸ் வைங்கம்மா, சரியாயிடும்” என்று அனுப்பிவிட்டார்கள். அவருக்கு ஏறிய கீமோ மருந்தோ வினோரெல்பின்.

ஐஸ் ஒத்தடம் டாக்ஸோரூபிசினுக்கு, அதாவது சிவப்பு மருந்துக்கு. வினோரெல்பின், வின்கிரிஸ்டின் போன்ற மருந்துகள் நரம்புக்கு வெளியே கசிந்தால் சூட்டு ஒத்தடம்தான் கொடுக்க வேண்டும். குளிர்ச்சி புண்ணை அதிகமாக்கும். இது உங்களுக்குத் தெரியாததல்ல. நோயாளிக்குத்தான் யாரும் சொல்வதில்லை.

அதனால்தான் கேட்கிறோம், ஒவ்வொருவர் கையிலும் தமிழில் ஒரு நரம்புச் சீட்டு கொடுங்கள். இன்று ஏறிய மருந்து, வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் செருகும் குழாய் ஊசி) போட்ட கை, இடம், எந்த ஒத்தடம், இரவில் அழைக்க ஒரு எண். அரைப் பக்கம் போதும்.

சிவப்பு மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் அதற்கான மாற்று மருந்து டெக்ஸ்ரசாக்ஸேன் 6 மணி நேரத்துக்குள் ஏற ஆரம்பிக்க வேண்டும். எண்ணூருக்குப் பஸ் பிடித்து வீடு சேர்ந்து, விளக்கு வைக்கும் நேரத்தில் வீக்கத்தைப் பார்க்கிறவர் யாரைக் கேட்பார்? அவசரப் பிரிவுக்கு ஓடினால், என்ன மருந்து ஏறியது என்று அங்கே இருப்பவருக்குத் தெரியாது.

மார்பகப் புற்றுக்கு அக்குள் நெறிக்கட்டிகளை (நிணநீர் முடிச்சுகளை) எடுத்த பெண்ணுக்கு அந்தப் பக்கக் கையைத் தவிர்ப்பதால், ஊசி போட மிச்சம் இருப்பது ஒரே கை. ஏசி (சிவப்பு மருந்தும் சைக்ளோபாஸ்பமைடும்) 4 சுற்று, பிறகு வாராவாரம் பாக்லிடாக்சல் என்ற மருந்து 12 முறை என்றால், அந்த ஒரே கையில் 16 முறை வென்ஃப்ளான். ரத்தம் எடுக்கும் குத்து தனி. புறங்கையிலும் மணிக்கட்டிலும் முழங்கை மடிப்பிலும் குத்தாமல், முன்கையின் பெரிய நரம்பில் சின்ன ஊசியாகப் போட்டு, ரத்தம் திரும்பி வருகிறதா என்று பார்த்து, மருந்து முடிந்ததும் சலைன் விட்டுக் கழுவினால் பாதி நரம்பாவது பிழைக்கும். வினோரெல்பினை 6 முதல் 10 நிமிடத்துக்குள் ஏற்றி, பின்னாலேயே சலைனை ஓடவிட வேண்டும். மெதுவாகச் சொட்டவிட்டால் நரம்பின் உட்சுவர் வெந்துபோகிறது. ஆனால் இங்கே நரம்பெல்லாம் அடைத்த பிறகுதான் போர்ட் (மார்பில் தோலுக்கு அடியில் வைத்து, பெரிய நரம்பில் மருந்து ஏற்றும் கருவி) என்ற பேச்சே எழுகிறது. முதல் சுற்றுக்கு முன்பே கையைப் பார்த்து, போர்ட் வேண்டுமா என்று சீட்டின் முதல் வரியில் எழுதக் கூடாதா?

ஒரு சிஸ்டர் எத்தனை கட்டிலைப் பார்ப்பார் என்பதும் எங்களுக்குத் தெரியும். விடியற்காலையில் டோக்கனுக்கு நின்று, மதியம் வரை நாற்காலி கிடைக்காமல், சாப்பிடாமல், தண்ணீர்கூடக் குடிக்காமல் வருகிறவருக்கு நரம்பு எப்படிக் கிடைக்கும்? ஆள் போடுங்கள், நாற்காலி போடுங்கள் என்று எத்தனை முறை மனு கொடுப்பது? அது பெரிய வழக்கு. இன்று அதற்காக வரவில்லை.

இன்று கேட்பது அந்தச் சீட்டு மட்டும். தமிழில் எழுதிக் கொண்டுவருகிறோம், சரிபார்த்துக் கொடுங்கள். அந்த அம்மாவின் அடுத்த சுற்றுக்கு முன்பாவது கிடைக்கும்படி செய்யுங்கள் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வடசென்னை நோயாளிகளின் துணையாளர்கள்