கல்லாவில் நின்று பார்த்த ஒரு பாட்டுக் குழு

லெஸ்டர், இங்கிலாந்து,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். எங்கள் வீட்டில் எல்லோரும் சுகம். பெரியவனுக்குப் பரீட்சை நேரம். வீட்டில் டிவி சத்தம் இல்லாததால்தான் இவ்வளவு நீளமாக எழுத முடிகிறது.

கடைசிப் பக்கத்தில் நீ எழுதியிருந்ததை நாலு தடவை படித்துவிட்டேன். பாப்பா டிவி தேர்வில் இரண்டாவது சுற்றைத் தாண்டிவிட்டாள். கடைசியில் ஐந்து பெண்களைச் சேர்த்து ஒரு பாட்டுக் குழு ஆக்கப் போகிறார்களாம். "அனுப்பலாமா, வேண்டாமா, நீதான் வெளிநாட்டில் இதையெல்லாம் பார்த்தவன்" என்று கேட்டிருக்கிறாய். ஆமாம், பார்த்திருக்கிறேன், அதுவும் கல்லாவில் நின்று. உன்னிடம் இதுவரை முழுதாகச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

2001 ஜனவரி. நான் இங்கே படிக்க வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. சாயங்காலமும் சனி, ஞாயிறும் ஒரு கடையின் சிடி பிரிவில் வேலை. அந்த மாதம் ஐடிவி என்ற சேனலில் 'பாப்ஸ்டார்ஸ்' என்று ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. நாடு முழுக்க ஆயிரக்கணக்கான பேரைப் பாட வைத்து, வடிகட்டி, ஐந்து பேர் கொண்ட குழு ஒன்றை உருவாக்குவதுதான் நிகழ்ச்சி. இந்த யோசனை பிறந்தது நியூசிலாந்தில். 1999இல் அங்கே 'ட்ரூபிளிஸ்' என்று ஐந்து பெண்களை இப்படித்தான் சேர்த்தார்கள். அவர்கள் பாட்டும் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. அப்புறம் ஆஸ்திரேலியாவில் 'பார்டோ'. பிறகுதான் இங்கே.

நடுவர்கள் மூன்று பேர்: நைஜல் லித்கோ, நிக்கி சாப்மன், பால் ஆடம். லித்கோவின் கடுமையான பேச்சுக்காகவே பலர் பார்த்தார்கள். கடைசிப் பத்துப் பேரில் ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்த விதத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. நடுவர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் கேமராவோடு போய்க் கதவைத் தட்டினார்கள். சோபாவில் உட்கார்ந்து "நீ தேர்வாகிவிட்டாய்", இல்லையென்றால் "நீ இல்லை" என்று நேரில் சொன்னார்கள். ஐந்து வீட்டில் கூச்சல், ஐந்து வீட்டில் அமைதி. "நீ இல்லை" என்று கேட்ட பிள்ளைகள் அழுகையை அடக்கிக்கொண்டு வந்தவர்களுக்கு நன்றி சொன்னார்கள். அதையும் நாடு முழுக்க உட்கார்ந்து பார்த்தது. நானும் பார்த்தேன். வாடகை வீட்டில் ஆறு பேர் ஒரே டிவி முன்னால் இருந்தோம். யாரும் வாய் திறக்கவில்லை.

தேர்வான ஐந்து பேர்: மைலீன் கிளாஸ், கிம் மார்ஷ், சூசன் ஷா, நோயல் சலிவன், டேனி ஃபாஸ்டர். குழுவுக்கு 'ஹியர்சே' என்று பெயர் வைத்தார்கள். நம் பேச்சில் சொன்னால் காதில் விழுந்த சேதி, வதந்தி என்று அர்த்தம். அந்தப் பெயரை யார் யோசித்தார்களோ, ஒன்றரை வருஷம் பத்திரிகைகள் அவர்களைப் பற்றி அதைத்தான் எழுதின.

கிம் மார்ஷைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவருக்கு அப்போது இரண்டு சின்னக் குழந்தைகள். அதைச் சொன்னால் எடுக்க மாட்டார்களோ என்று பயந்து முதலில் மறைத்துவிட்டார். பிறகு அது வெளியே வந்து பெரிய செய்தி ஆனது. வீட்டில் இரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டு, அவர்கள் இருப்பதையே சொல்லாமல் வரிசையில் நின்று பாடிய அந்த மனசை நினைத்துப் பார். பெண் பிள்ளையைப் பெற்ற உனக்கு இது புரியும். அவரை அப்படிப் பயப்பட வைத்த அந்தத் தொழில் மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

மார்ச் 12, திங்கள்கிழமை அவர்களுடைய முதல் சிங்கிள், அதாவது தனிப்பாட்டு சிடி, 'ப்யூர் அண்ட் சிம்பிள்' வந்தது. இங்கே அப்போதெல்லாம் புதுப் பாட்டு திங்கட்கிழமைதான் கடைக்கு வரும். வழக்கமாக ஒரு பாட்டுக்கு ஒரு பெட்டி வரும். அன்றைக்குப் பெட்டிகள் என் இடுப்பு உயரத்துக்கு இருந்தன. இதெல்லாம் விற்குமா என்று நினைத்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் சீருடையோடு வந்தார்கள். பாட்டிகள் வந்தார்கள். ஒரு வயதான அம்மா சில்லறையை எண்ணி வைத்துவிட்டு, "இந்தப் பிள்ளைகள் நல்லா வரணும்" என்றார், சொந்தப் பேரப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்வது போல. முதல் வாரத்தில் மட்டும் ஏறக்குறைய 5.5 லட்சம் பிரதிகள். அதுவரை எந்தப் புதியவரின் முதல் பாட்டும் இங்கே அவ்வளவு வேகமாக விற்றதில்லை. மாதக் கடைசியில் ஆல்பமும் வந்து அதுவும் முதலிடம். முதல் சிங்கிளும் முதல் ஆல்பமும் ஒரே நேரத்தில் முதலிடத்தில் இருப்பது இங்கே ஒரு குழுவுக்கு அதுதான் முதல் தடவை.

இதை உன்னிடம் அழுத்திச் சொல்கிறேன். அந்தப் பாட்டு அவர்களுக்காகப் பிறந்த பாட்டு இல்லை. வேறொரு பெண்கள் குழு ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருந்ததுதான். பாட்டு தயார், உடை தயார், விளம்பரம் தயார். ஐந்து இடங்கள் மட்டும் காலியாக இருந்தன. அந்த இடங்களில் இவர்கள் வந்து நின்றார்கள். குரலில் குறை சொல்ல முடியாது, மாப்ள. மைலீன் முறையாகச் சங்கீதம் படித்தவர், பியானோ வாசிப்பார். ஐந்து பேருமே உழைத்தவர்கள். ஆனால் ஒருவர் குரலோடு இன்னொருவர் குரல் பழக அவர்களுக்கு நாள் கிடைக்கவில்லை. ஜனவரியில் டிவியில் முகம் தெரிந்தது, மார்ச்சில் நாடே அந்தப் பாட்டைப் பாடியது.

ஜூன் கடைசியில் வந்த இரண்டாவது சிங்கிளும் முதலிடம்தான். ஆனால் என் கவுன்ட்டருக்குப் பெட்டிகள் அந்த உயரத்துக்கு வரவில்லை. வருஷக் கடைசியில் வந்த மூன்றாவது சிங்கிள் நாலாவது இடத்தில் நின்றது. டிசம்பரில் வந்த இரண்டாவது ஆல்பம் 24ஆம் இடத்துக்கு மேல் ஏறவே இல்லை. கிறிஸ்துமஸ் முடிந்ததும் அதற்குப் பாதி விலைச் சீட்டு ஒட்டியவன் நான்தான். உறையில் இருந்தது, ஒன்பது மாதத்துக்கு முன்னால் மக்கள் வரிசையில் நின்று வாங்கிய அதே முகங்கள். ஒட்டும்போது மனசு சங்கடப்பட்டது.

அந்த நேரத்தில் டிவி அடுத்த வேலைக்குப் போய்விட்டது. 'பாப் ஐடல்' என்ற புது நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. நடுவர்களில் அதே நிக்கி சாப்மனும் உண்டு. அதில் ஜெயித்த வில் யங்கின் பாட்டு 2002இல் முதல் வாரமே 11 லட்சம் பிரதிகள் விற்று ஹியர்சேயின் சாதனையை உடைத்தது. ஒரு வருஷம்தான், மக்கள் மனசு வேறு முகத்துக்குப் போய்விட்டது.

2002 ஜனவரியில் கிம் மார்ஷ் விலகினார். அவர் இடத்துக்கு மறுபடியும் ஆள் தேர்வு நடத்தினார்கள். ஊர் ஊராகப் பிள்ளைகள் வந்து நின்றார்கள். கடைசியில் எடுத்தது ஜானி ஷென்டாலை. அவர் ஏற்கெனவே இன்னொரு குழுவில் பாடி அனுபவம் உள்ளவர். "முன்னாலேயே முடிவு செய்துவிட்டு எதற்கு இந்தத் தேர்வு?" என்று பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. அதில் உண்மை இருந்ததா என்பது வேறு விஷயம். தேர்வை நம்பித்தான் மக்கள் இந்தக் குழுவையே ஏற்றுக்கொண்டார்கள். அந்த நம்பிக்கை போன பிறகு இவர்களிடம் மிச்சமென்று எதுவும் இல்லை. நாலாவது சிங்கிள் ஆகஸ்டில் வந்து ஆறாவது இடத்தைத் தொட்டது. அக்டோபர் முதல் வாரத்தில் குழு கலைந்தது என்று செய்தி. போகிற இடமெல்லாம் மக்கள் திட்டுவதைத் தாங்க முடியவில்லை என்பதை ஒரு காரணமாகச் சொன்னார்கள்.

எனக்கு ரொம்ப நாள் இது புரியவில்லை. பாட்டு பிடிக்கவில்லை என்றால் வாங்காமல் இருக்கலாமே, தெருவில் பார்த்து ஏன் திட்ட வேண்டும்? அப்புறம் அந்தச் சில்லறை எண்ணிய அம்மா ஞாபகம் வந்தது. "இந்தப் பிள்ளைகள்" என்று அவர் சொன்னதில் ஒரு உரிமை இருந்தது. நாங்கள்தான் உங்களை வளர்த்தோம் என்ற உரிமை. அவரிடம் அது அன்பாக இருந்தது, இன்னொருவரிடம் வசையாக மாறியது.

சரி, மறுபக்கத்தையும் கேள். "நீ இல்லை" என்று கேட்ட அந்த ஐந்து பேரும் தாங்களாகவே ஒன்றுசேர்ந்தார்கள். 'லிபர்ட்டி' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு குழு இருந்ததால் வழக்கு வந்து, 'லிபர்ட்டி எக்ஸ்' என்று மாற்ற வேண்டியதாயிற்று. தோற்றவர்கள் கூட்டம் என்று பத்திரிகைகள் கேலி செய்தன. அவர்களிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. அதனால் பாட்டைத் தேட, எது தங்களுக்குப் பொருந்துகிறது என்று பார்க்க, தப்பாகப் பாடித் திருத்திக்கொள்ள அவகாசம் கிடைத்தது. முதல் பாட்டு 2001 செப்டம்பர் கடைசியில்தான் வந்தது. 2002 மே மாதம் 'ஜஸ்ட் எ லிட்டில்' முதலிடம். அடுத்த ஆண்டு இங்கே பெரிய இசை விருதான பிரிட் விருது. 2007 வரை சேர்ந்து பாடினார்கள். அவர்களில் ஒருவர் கெவின் சிம். 2016இல் 'தி வாய்ஸ்' போட்டியில் பாடி ஜெயித்தார். அந்த இரவு நான் வீட்டில் எழுந்து நின்று கை தட்டினேன். என் பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை.

டிவியில் பிறந்த குழு எல்லாமே சீக்கிரம் கலையும் என்று நான் சொல்ல வரவில்லை. ஹியர்சே கலைந்த அடுத்த மாதமே அதே நிகழ்ச்சியின் அடுத்த சுற்றில் 'கேர்ள்ஸ் அலௌட்' பிறந்தது. ஐந்து பெண்கள். 2013 வரை நீடித்தார்கள். ஒரு நல்ல பாட்டுப் பட்டறை அவர்களோடு வருஷக்கணக்கில் உட்கார்ந்து அவர்கள் குரலுக்கென்றே பாட்டு செய்தது. அந்த ஐவரில் சாரா ஹார்டிங் 2021இல் 39 வயதில் புற்றுநோயால் போய்விட்டார். மற்ற நால்வரும் 2024இல் அவர் நினைவாக மறுபடியும் சேர்ந்து ஊர் ஊராகப் பாடினார்கள். டிவி சேர்த்து வைத்தவர்கள்தான், ஆனாலும் கூடவே இருந்தார்கள்.

நம் நாட்டிலும் இது நடந்தது, உனக்கு ஞாபகம் இருக்கலாம். 2002இல் சேனல் வி இதே நிகழ்ச்சியை நடத்தி 'விவா' என்று ஐந்து பெண்களைச் சேர்த்தது. ஒருவர் விலகினார், நால்வராக இரண்டாவது ஆல்பம் போட்டார்கள், அதோடு சரி. அந்த ஐவரில் ஒருவர் நேஹா பாசின். 2007இல் யுவன் இசையில் 'பேசுகிறேன் பேசுகிறேன்' என்று பாடினாரே, 'சத்தம் போடாதே' படத்தில், அவரேதான். அந்தப் பாட்டை போனில் எனக்குப் பாடிக் காட்டியவன் நீ. குழு போனாலும் அவர் குரல் போகவில்லை.

இதையெல்லாம் எழுதும்போது நம் உறையூர் மொட்டை மாடிதான் கண்ணில் நிற்கிறது. கல்லூரியில் முதல் இரண்டு வருஷம் நம் பாட்டை யார் கேட்டார்கள்? பக்கத்து வீட்டுத் தாத்தாவும் தண்ணீர்த் தொட்டி மேல் உட்காரும் காக்காவும்தான். நீ சுருதி விலகினால் நான் கீபோர்டை நிறுத்திவிடுவேன். நான் தாளம் விட்டால் நீ சண்டைக்கு வருவாய். வெக்காளியம்மன் கோயில் பக்கத்துத் தெருவில் முதல் மேடை ஏறியபோது மைக் கெட்டுப்போய்ப் பத்து நிமிஷம் சத்தமே இல்லை. அப்போதும் நீ பாட்டை நிறுத்தவில்லை, நாங்கள் யாரும் நிறுத்தவில்லை. இரண்டு வருஷம் ஒருவர் மூச்சு ஒருவருக்குத் தெரிந்திருந்ததால்தான் அது முடிந்தது. வேலை, கல்யாணம் என்று அந்தக் குழுவும் கலைந்தது. ஆனாலும் இன்றைக்கு நீ எனக்குக் கடிதம் எழுதுகிறாய்.

அதனால் பாப்பாவை அனுப்பு. தடுக்காதே, தடுத்தால் ஏக்கம் மனசில் தங்கிவிடும். ஆனால் மூன்று விஷயம் பார்த்துக்கொள். ஒப்பந்தத்தை ஒரு வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போட வேண்டாம். எத்தனை வருஷம், வேறு இடத்தில் பாடலாமா, விலகினால் என்ன, எல்லாம் கேள். படிப்பையும் டீச்சரிடம் போகும் பாட்டு வகுப்பையும் ஒரு வாரம்கூட விட வேண்டாம். அப்புறம் அவள் கல்லூரி விடுதியில் சேர்ந்து பாடும் அந்த மூன்று பெண்கள், நீ போன வருஷம் எழுதியிருந்தாயே, அவர்களோடு பாடுவதை எக்காரணம் கொண்டும் நிறுத்தச் சொல்லாதே. கேமரா இல்லாத இடம் அவளுக்கு ஒன்று வேண்டும்.

தேர்வாகாவிட்டால் என்னிடம் பேசச் சொல். அந்த ஐந்து வீட்டு சோபாக்களைப் பற்றி நானே அவளுக்குச் சொல்கிறேன்.

நேற்று பரணில் தேடி 'ப்யூர் அண்ட் சிம்பிள்' சிடியை எடுத்து வைத்தேன். அந்தத் திங்கட்கிழமை வேலை முடிந்ததும் என் காசில் வாங்கியது. உறை கொஞ்சம் மங்கியிருக்கிறது, பாட்டு நன்றாகவே ஓடுகிறது. பொங்கலுக்கு வரும்போது பாப்பாவுக்குக் கொண்டுவருகிறேன். சிடி போட உன் வீட்டில் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் எழுது. இல்லையென்றால் பிளேயரையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு வருகிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கம். தங்கச்சிக்கு என் விசாரிப்பு.

என்றும் உன்,
பழைய கீபோர்டுக்காரன்