ஒற்றை எண் போதாது: காற்றுத் தரக் கட்டத்தில் சேர்க்க வேண்டியவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வானிலைச் செய்திக்குக் கீழே காற்றுத் தரக் குறியீட்டையும் நாளிதழ்கள் தினமும் வெளியிடுவது நல்ல வழக்கம். ஆனால் அந்தக் கட்டத்தில் இருப்பது ஓர் எண், பக்கத்தில் பச்சையோ மஞ்சளோ ஒரு வட்டம், கீழே "மிதமானது" என்று ஒரு சொல். ஆஸ்துமா உள்ள பிள்ளையை மாலையில் விளையாட அனுப்பலாமா, நடைப்பயிற்சிக்கு எத்தனை மணிக்குக் கிளம்பலாம், ஜன்னலை எப்போது திறந்துவைக்கலாம் என்ற கேள்விகளுக்கு அதில் விடை கிடையாது. விடை சொல்லும் தரவு அளவீட்டு நிலையத்தில் இருக்கிறது. அச்சுக்கு வரும் வழியில் உதிர்ந்துவிடுகிறது. உதிர்வதில் நான்கு விவரங்களையாவது மீட்டுக் கட்டத்தில் சேர்க்கும்படி கேட்கவே இக்கடிதம்.

முதலாவது, மாசின் பெயர். குறியீட்டு எண் எல்லா மாசுகளின் கூட்டுத்தொகையும் அல்ல, சராசரியும் அல்ல. ஒவ்வொரு மாசுக்கும் தனித்தனியே ஒரு மதிப்பெண் போட்டு, அவற்றுள் எது அதிகமோ அதையே அன்றைய எண்ணாக அறிவிக்கிறார்கள். இந்தியக் குறியீட்டில் பிஎம் 10, பிஎம் 2.5 என்ற இரு அளவு நுண்துகள்கள், நைட்ரஜன் டை ஆக்சைடு, கந்தக டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அம்மோனியா, ஈயம் என எட்டு மாசுகள் உண்டு. குறைந்தது மூன்றுக்காவது அளவு இருக்க வேண்டும்; அவற்றில் ஒன்று துகளாக இருக்க வேண்டும். ஆகவே 150 என்ற எண் சாலைப் புழுதியாலும் வரலாம், புகையாலும் வரலாம், கண்ணுக்கே தெரியாத ஓசோனாலும் வரலாம். மூன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு. புழுதி என்றால் தண்ணீர் தெளிப்பதும் ஈரத்துணியால் துடைப்பதும் பாதி வேலையை முடித்துவிடும். புகைத்துகள் என்றால் நல்ல முகக்கவசம் உதவும். ஓசோன் என்றால் எந்தத் துணிக் கவசமும் உதவாது; அது வாயு, துகள் வடிகட்டியில் நிற்காது. வெயில் தாழும்வரை வெளியே ஓடியாடாமல் இருப்பதுதான் வழி.

இரண்டாவது, செறிவு, அதாவது ஒரு கனமீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் என்ற நேரடி அளவு. குறியீடு நாட்டுக்கு நாடு மாறும், மைக்ரோகிராம் மாறாது. 24 மணி நேரச் சராசரியாக பிஎம் 2.5 சரியாக 60 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். இந்தியக் கணக்கில் அது 100, "திருப்திகரம்". அதே காற்றை அமெரிக்க அளவுகோலில் போட்டால் சுமார் 154, "ஆரோக்கியமற்றது". கைபேசிச் செயலிகள் பலவும் அமெரிக்க அளவுகோலைப் பின்பற்றுவதால், செயலி ஒன்று சொல்ல, செய்தித்தாள் வேறொன்று சொல்ல, இரண்டில் ஒன்று பொய் என்று வாசகர் முடிவுகட்டுகிறார். இரண்டும் பொய்யில்லை. 2021-இல் உலக சுகாதார நிறுவனம் திருத்திய வழிகாட்டு அளவு 24 மணி நேரத்துக்கு 15 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரிக்கு 5. மேற்சொன்ன "திருப்திகரமான" நாள் அந்த 15-ஐப் போல நான்கு மடங்கு. திருப்தி யாருக்கு என்று கேட்கத் தோன்றுகிறது.

மூன்றாவதுதான் முக்கியமானது: உச்ச நேரம். துகள்களை அளக்கும் கருவிகளில் பீட்டாக் கதிர் வகை ஒன்று உண்டு. காற்றை ஒரு வடிகட்டி நாடாவின் வழியே இழுத்து, படிந்த துகள் பீட்டாக் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்று பார்த்து எடை சொல்லும். மணிக்கு ஒருமுறை நாடா நகரும். ஒரு நாள் கழித்து அந்த நாடாவை உருவிப் பார்த்தால் சட்டைப் பொத்தான் அளவில் வரிசையாக 24 வட்டங்கள்: பிற்பகலுக்குரியவை வெளிர் சாம்பல், இரவு ஏற ஏறக் கருமை, விடியலை ஒட்டி அடுப்புக்கரி நிறம், வெயில் ஏறியதும் மறுபடி வெளிறல். இந்த வரிசையைத்தான் ஒரே சராசரிக்குள் அமுக்குகிறோம்.

கணக்காகவே பார்க்கலாம். 22 மணி நேரம் காற்றில் பிஎம் 2.5 அளவு 20 மைக்ரோகிராம், விடியலில் இரண்டு மணி நேரம் மட்டும் 300. சராசரி எடுத்தால் 43. இந்தியக் கட்டத்தில் இதுவும் "திருப்திகரம்". அந்த இரண்டு மணி நேரத்தில் வேகநடை போனவருக்கு 43 என்ற எண்ணால் என்ன பயன்? நடக்கும்போது மூச்சின் அளவு பல மடங்கு கூடும். மூக்கை விட்டு வாயால் இழுக்கத் தொடங்கினால் மூக்கின் வடிகட்டலும் போய்விடும்.

விடியலில் ஏன் அவ்வளவு கூடுகிறது? பகலில் தரை சூடாகி, காற்று மேலெழுந்து, புகை ஒன்று இரண்டு கிலோமீட்டர் உயரம்வரை கலந்து நீர்க்கும். இரவில் தரை குளிர்ந்துவிடுகிறது. தரையை ஒட்டிய குளிர்காற்றின் மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோல் உட்கார்ந்துகொள்கிறது. கலப்புக்குக் கிடைக்கும் உயரம் சில நூறு மீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். புகை கூடாவிட்டாலும் பாத்திரம் சுருங்கிவிடுகிறது. லண்டனில் 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை நடந்தது இதுதான்: காற்றசைவில்லாத குளிர், மூடிபோன்ற மேலடுக்கு, அதன் கீழே நிலக்கரிப் புகை. சுமார் 4,000 பேர் இறந்ததாக முதலில் கணக்கிட்டார்கள். பிற்கால ஆய்வுகள் ஏறத்தாழ 12,000 என்கின்றன.

"சில்லென்ற அதிகாலைக் காற்று சுத்தமானது" என்ற நம்பிக்கையை இதனால்தான் நாளிதழ் கேள்வி கேட்க வேண்டும். துகள் குறைவது வெயில் ஏறிய பிறகு. ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. நைட்ரஜன் ஆக்சைடுகளும் பெட்ரோல், பெயின்ட் போன்றவற்றிலிருந்து ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் வெயிலில் வினைபுரிந்து உண்டாவது ஓசோன். அதன் உச்சம் பிற்பகலில். துகளுக்கு நல்ல நேரம் ஓசோனுக்குக் கெட்ட நேரம். மாசின் பெயரையும் உச்ச நேரத்தையும் சேர்த்தே கேட்பதன் காரணம் இது.

துகளின் அளவு பற்றி ஒரு வார்த்தை. தலைமுடியின் தடிமன் சுமார் 50 முதல் 70 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பிஎம் 2.5 என்பது 2.5 மைக்ரானும் அதற்குக் குறைந்ததும். நாம் அளப்பதோ எடை. 10 மைக்ரான் துகள் ஒன்றின் எடைக்கு, அதே அடர்த்தியுள்ள 1 மைக்ரான் துகள்கள் ஆயிரம் வேண்டும். ஆகவே எடை சற்றே ஏறினாலும் எண்ணிக்கை எகிறியிருக்கலாம். பெரிய துகள் மூக்கிலும் தொண்டையிலும் சிக்கித் தும்மலோடோ சளியோடோ வெளியேறும். மூச்சுக்குழாயில் பட்டதை அங்குள்ள நுண்மயிர்கள் மேல்நோக்கித் தள்ளிவிடும். அதையும் தாண்டி நுரையீரலின் கடைசியிலுள்ள நுண்ணறைகளுக்குப் போனது அவ்வளவு எளிதில் திரும்பாது. அங்கே நுண்மயிர் கிடையாது. விழுங்கு செல்கள் அதைப் பிடிக்க முயலும்போது எழும் அழற்சி நுரையீரலோடு நிற்பதில்லை. இரத்தத்தின் உறையும் தன்மை கூடுகிறது, நாளங்கள் இறுகுகின்றன. 0.1 மைக்ரானுக்கும் சிறியவை இரத்தத்துக்குள்ளேயே புகுந்துவிடக்கூடும்.

இதனால் மாசு என்றதும் இருமலை மட்டும் நினைப்பது தவறு. வெளிக்காற்று மாசால் 2019-இல் உலகெங்கும் 42 லட்சம் பேர் அகாலமாக இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அவற்றில் ஏறத்தாழ 68 சதவீதம் மாரடைப்பு வகை இதய நோயும் பக்கவாதமும்; நுரையீரல் புற்றுநோய் 4 சதவீதம்தான். கட்டத்தின் அறிவுரை வரி "சுவாச நோயாளிகள் கவனம்" என்பதோடு நின்றுவிடுவதால், நெஞ்சுவலிக்கு மருந்து சாப்பிடுபவர் அது தனக்கில்லை என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்.

நான்காவது, தரவின் நிலை. இந்திய முறைப்படி 24 மணி நேரத்தில் குறைந்தது 16 மணி நேர அளவு இருந்தால்தான் சராசரி செல்லும். மின்தடை, நாடா அறுதல், பழுதுபார்ப்பு என்று ஏதேனும் ஒன்று அந்த மணிகளைத் தின்றுவிட்டால் "தரவு போதவில்லை" என்றே அச்சிடுங்கள். முந்தைய நாள் எண்ணை மறுபடி போடாதீர்கள். விலை குறைந்த லேசர் உணரிகளின் எண்ணை எடுத்துப் போடுவதாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. அவை துகளில் பட்டுச் சிதறும் ஒளியைப் பார்ப்பவை. ஈரப்பதம் மிகும்போது துகள்கள் நீர் குடித்து ஊதுவதால் உள்ளதைவிடக் கூட்டிச் சொல்லும். பனிமூட்டக் காலையில் அவை அலறுவதில் பாதி வெறும் தண்ணீர். அளவீட்டு நிலையத்தின் தரமான கருவி ஒன்றின் பக்கத்தில் சில வாரம் வைத்து ஒப்பிட்டுத் திருத்திய பிறகே நம்பலாம்.

இனி அறிவுரை வரிக்கு வருகிறோம். "முகக்கவசம் அணியவும்" என்பது பாதிக் குறிப்பு. என்95 வகை, வடிகட்டக் கடினமான 0.3 மைக்ரான் துகளில் குறைந்தது 95 சதவீதத்தைப் பிடிக்கும். அதைவிடச் சிறியது எளிதில் நுழைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மிகச் சிறியவை அலைந்து திரிந்து இழைகளில் ஒட்டிக்கொள்வதால் அவற்றைப் பிடிப்பது சுலபம். கோளாறு வடிகட்டியில் அல்ல, ஓரத்தில். அணிந்ததும் இரு கைகளாலும் கவசத்தைப் பொத்திப் பலமாக மூச்சு விட வேண்டும். மூக்குத்தண்டின் பக்கமோ கண்ணருகிலோ காற்று பட்டால் உலோகப் பட்டையை அழுத்திச் சரிசெய்து மறுபடி பார்க்க வேண்டும். காதில் மாட்டுவதைவிடத் தலையைச் சுற்றும் பட்டை நன்றாகப் பிடிக்கும். தாடி இருந்தால் பிடிப்பு இல்லை. அறுவைசிகிச்சைக் கவசம் பக்கவாட்டில் திறந்தே கிடக்கும். புகைக்கு அது போதாது.

காற்றுச் சுத்திகரிப்பானுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. அறையின் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி, வரும் கனமீட்டரை 5-ஆல் பெருக்குங்கள். 4 மீட்டர், 3.5 மீட்டர், 3 மீட்டர் என்றால் 42 கனமீட்டர். மணிக்கு 210 கனமீட்டர் சுத்தக் காற்று தரும் கருவி வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் பெரும்பாலும் உச்ச வேகத்துக்கானது. சத்தம் தாங்காமல் குறைந்த வேகத்தில் வைத்துத் தூங்கினால் அதில் ஒரு பகுதிதான் கிடைக்கும். ஓசோன் உமிழும் கருவியை வாங்கவே வேண்டாம். சுத்திகரிப்பானை ஓடவிட்டு, அதே அறையில் கொசுவர்த்திச் சுருளையும் கொளுத்துவது வேடிக்கை. ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவிடும் பிஎம் 2.5, 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது.

விடியல் உச்சத்துக்குக் குப்பை எரிப்பும் தன் பங்கைச் சேர்க்கிறது. ஈர இலைக்குவியல் கொழுந்துவிட்டு எரியாது, கனன்று புகையும். வெப்பம் போதாததால் அரைகுறையாக எரிந்த கரிமமெல்லாம் துகளாகவே வெளியேறும். நடுவே பிவிசி குழாய்த் துண்டோ ஒயர் உறையோ கிடந்தால் அதன் குளோரின் டையாக்சின் என்ற கொடிய நச்சுச் சேர்மமாக மாறும். முறையான எரியூட்டி ஆலைகளில் புகையை 850 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் இரண்டு விநாடியாவது வைத்திருக்கச் சொல்வது அதைச் சிதைக்கத்தான். தெருவோரக் குவியல் அந்தச் சூட்டை எட்டுவதில்லை. புகை போன பிறகும் சாம்பலில் ஈயமும் காட்மியமும் மிஞ்சும். அதைச் செடிக்கு உரமாகக் கொட்டுபவர்களும் உண்டு.

குறியீடு மனித உடலுக்காகப் போட்ட கணக்கு; பயிர் அதில் இல்லை. வாகனப் புகையில் உள்ள நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைத் தின்றுவிடுவதால், நெரிசலான நகர நடுவைவிடக் காற்று வீசும் திசையிலுள்ள வயல்வெளியில் ஓசோன் கூடுதலாக இருப்பது சகஜம். அது இலைத்துளை வழியே நுழைந்து உள்ளிருந்து செல்களைக் கெடுக்கும். முதிர்ந்த இலையின் மேற்புறத்தில், நரம்புகளை விட்டு இடைப்பகுதியில் மட்டும், ஊசியால் குத்தியதுபோல் பொடிப்பொடிப் புள்ளிகள் விழுந்திருந்தால் பூச்சிமருந்து அடிப்பதற்கு முன் ஓசோனையும் சந்தேகிக்கலாம். கோதுமையும் சோயாவும் இதனால் மிக எளிதில் பாதிக்கப்படுபவை. வேளாண் பக்கத்தில் வாரம் ஒருமுறை பிற்பகல் ஓசோன் அளவைத் தனியே வெளியிட்டால் நல்லது.

இவ்வளவையும் போட இடம் எங்கே என்று பக்க வடிவமைப்பாளர் கேட்பார். இரண்டு வரி போதும். மாதிரிக்கு:

"முதன்மை மாசு: பிஎம் 2.5. 24 மணி நேரச் சராசரி 43 மைக்ரோகிராம் (உலக சுகாதார நிறுவன அளவு 15), குறியீடு 72.
உச்சம்: காலை 5 முதல் 7 மணி, 300. தரவு: 24-இல் 24 மணி நேரம்."

வண்ண வட்டத்தை எடுத்துவிட்டாலே இந்த இடம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
காற்றுத் தர அளவீட்டுப் பணியில் உள்ள வாசகர்கள்