கமாவுக்குப் பின்னால் என் பெயர்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. ஒருவழியாகக் கோவில்பட்டிக்கு மாற்றல் கிடைத்துவிட்டதே, அது போதும். அம்மாவின் முழங்கால் வலிக்கு நீ பக்கத்தில் இருப்பதே பாதி மருந்து. பையன் கணக்கில் தொண்ணூறு வாங்கினான் என்று எழுதியிருந்தாய். ஹாஸ்டலில் கணக்குப் பரீட்சைக்கு முந்தின ராத்திரி நீ அழுததை நினைத்துக்கொண்டேன்.

கடைசிப் பக்கத்தில் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டிருக்கிறாய். "விசாவுக்காகத்தான் ஜப்பான்காரனைக் கட்டிக்கிட்டாளாம்" என்று கல்யாண வீட்டில் யாரோ பேசினார்கள், உனக்கு மனசு பொறுக்கவில்லை என்று. நீ கேட்டதில் எனக்கு வருத்தமே இல்லை. வேறு யாரும் என்னிடம் நேராகக் கேட்கவில்லை, நீதான் கேட்டாய்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி எட்டு மாதம் ஆகிறது. நான் இன்னும் என் பழைய வேலை விசாவில்தான் இருக்கிறேன்.

இங்கே ஜப்பானில் கல்யாணம் என்பது ஒரு தாள். தாலி, மேடை எதுவும் சட்டத்துக்குத் தேவையில்லை. வார்டு அலுவலகத்தில் திருமணப் பதிவுத் தாளைக் கொடுக்க வேண்டும், இரண்டு சாட்சிகள் அதில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். ராத்திரியில்கூட வாங்கிக்கொள்வார்கள். ஆனால் வெளிநாட்டுக்காரி என்றால் அந்தத் தாளோடு ஒரு கட்டுக் காகிதம் போக வேண்டும். எனக்குக் கல்யாணம் செய்துகொள்ளத் தகுதி உண்டு என்று நம் தூதரகத்தில் எழுதி வாங்கணும். அதற்கு ஊரிலிருந்து 'திருமணமாகாதவர்' சான்றிதழ் வரணும். அம்மாதான் அலைந்தாள். இ-சேவை மையம், வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மூன்று வாரம். முப்பத்தாறு வயதாகியும் மகளுக்குக் கல்யாணமாகவில்லை என்று ஊரார் சொல்வதைக் கேட்டுக் கூசிப்போயிருந்தவள், அதையே சர்க்காரிடம் எழுதி வாங்கப் போனாள். "இப்பத்தான் முதல்முறையா அந்த வார்த்தையைச் சந்தோஷமா சொன்னேன்" என்றாள் போனில்.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வார்டு அலுவலகத்துக்கு முதல் தடவை போனபோது திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயர் 'பார்வதியம்மாள்', பாஸ்போர்ட்டில் 'பார்வதி'. இரண்டும் ஒருவரா என்று கேட்டார் அந்த அதிகாரி. மரியாதையாகத்தான் கேட்டார். நம் ஊரில் பெண் பெயரோடு 'அம்மாள்' சேர்ப்பார்கள், சில நேரம் விட்டுவிடுவார்கள் என்று ஒரு பக்கம் விளக்கம் எழுதினேன். மாப்பிள்ளை கென்ஜி அதை ஜப்பானிய மொழியில் எழுதி, கீழே 'மொழிபெயர்த்தவர்' என்று தன் பெயரைப் போட்டான். மாப்பிள்ளையே மொழிபெயர்ப்பாளராக இருக்கலாம், தடையில்லை.

அப்புறம் பெயர். இது உனக்குப் புரியும், இங்கே யாருக்கும் புரியவில்லை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் அப்பா பெயர் இருக்கிறது இல்லையா? ஆறு வருடமாக அலுவலகத்தில் என்னைக் கூப்பிடுவதே 'சுப்ரமணியன்-சான்' என்றுதான் ('சான்' மரியாதைக்குச் சேர்ப்பது). ஆரம்பத்தில் திரும்பிப் பார்ப்பேன், அப்பா வந்திருக்கிறாரோ என்று. ஜப்பானியர் இருவர் கல்யாணம் செய்தால் ஒரே குடும்பப் பெயரைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவர்கள் சிவில் சட்டம் சொல்கிறது. பெரும்பாலும் பெண்தான் மாற்றுகிறாள். கென்ஜியின் அக்காவும் மாற்றினாள். வெளிநாட்டவரைக் கட்டினால் அந்தக் கட்டாயம் இல்லை. நான் மாற்றவில்லை.

பதிவு முடிந்து இரண்டு வாரம் கழித்து கொசெகி என்ற குடும்பப் பதிவேட்டின் நகலை வாங்கி வந்தோம். ஜப்பானியர்களின் பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் அதில்தான். கென்ஜிக்குப் புதிதாக ஒரு ஏடு போட்டிருந்தார்கள். அதில் அவனுக்கு ஒரு கட்டம். எனக்குக் கட்டம் கிடையாது, குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தர மாட்டார்கள். அவன் கல்யாணக் குறிப்புக்குள் 'துணைவரின் பெயர்' என்று ஒரு வரி. வெளிநாட்டுப் பெயர் என்பதால் கத்தகானா எழுத்தில், முதலில் சுப்ரமணியன், ஒரு கமா, பிறகு மீனாட்சி. அதற்குக் கீழே, நாடு: இந்தியா.

எனக்கென்று ஒரு கட்டம் இல்லாதது வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அப்பா பெயர் முதலில் நின்றது. அவர் போய் ஒன்பது வருடம். பாளையங்கோட்டையைத் தாண்டி அதிகம் போகாத மனுஷன். மின்சார ரயிலில் அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கமாவை விரலால் தடவிக்கொண்டே வந்தேன்.

சரி, விசா. ஜப்பானியரின் துணைவர் என்ற விசாவுக்கு மாறினால் வசதி அதிகம். எந்த வேலையும் செய்யலாம், கடைகூட வைக்கலாம். என் விசாவில் கணினி போன்ற துறைசார் வேலை மட்டும்தான். எல்லாரும் மாறிவிடு என்றார்கள். நானும் படிவங்களை எடுத்து உட்கார்ந்தேன். அதில் எட்டுப் பக்கக் கேள்வித்தாள் ஒன்று இருக்கிறது. எங்கே, எப்போது சந்தித்தீர்கள், யார் அறிமுகப்படுத்தினார், எந்த மொழியில் பேசிக்கொள்கிறீர்கள், அந்த மொழி எவ்வளவு புரியும். கூடவே இருவரும் சேர்ந்து எடுத்த போட்டோ. பொய்க் கல்யாணங்கள் நடந்திருக்கின்றன, அதனால் கேட்கிறார்கள், அது எனக்குப் புரிகிறது. ஆனால் சந்தித்த கதையைத் தேதி போட்டு எழுதும்போது அது வேறு யாருடைய கதையோ போல ஆகிவிடுகிறது.

அதில் ஒரு கேள்வி: உறவினரில் யாருக்கெல்லாம் இந்தக் கல்யாணம் தெரியும்? அப்பா, அம்மா, உடன்பிறந்தவர் என்று கட்டங்கள். உடன்பிறந்தவர் கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. அண்ணன் என்னோடு பேசி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அம்மா அவனுக்குச் சொல்லாமலே வைத்திருந்தாள். அன்றைக்கு ராத்திரியே கூப்பிட்டேன். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "அவர் அரிசிச் சோறு சாப்பிடுவாரா?" என்று கேட்டான். சாப்பிடுவார் என்றேன். அழுதுவிட்டோம் இருவரும்.

அந்தப் படிவத்தை நான் கொடுக்கவே இல்லை. காரணம், டோக்கியோவின் நிஷிகசாய்ப் பகுதியில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா. துணைவர் விசாவில் இருந்தாள், விவாகரத்து ஆனது. பதினான்கு நாளுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். துணையாக வாழாமல் ஆறு மாதம் கடந்துவிட்டால், தக்க காரணம் இல்லையென்றால், விசாவையே ரத்து செய்யலாம். அழக்கூட அவளுக்கு நேரமில்லை, காகிதம் தேடிக்கொண்டிருந்தாள். கென்ஜியை நான் முழுசாக நம்புகிறேன். ஆனாலும் இந்த நாட்டில் என் கால் என் வேலையின் மேல் ஊன்றியிருக்கட்டும் என்று தோன்றியது. அவனிடம் சொன்னபோது கொஞ்சம் முகம் வாடினான். மறுநாள் காலையில், "சரி, அப்படி இருந்தால்தான் நீ என்னோடு இருப்பது வெறும் விருப்பத்தினால்தான் என்று எனக்கும் தெரியும்" என்றான். நிரந்தர வசிப்புரிமைக்கு, சாதாரணமாகப் பத்து வருடம் இருக்க வேண்டிய இடத்தில், ஜப்பானியரைக் கட்டி மூன்று வருடம் உண்மையாகக் குடித்தனம் நடத்தியிருந்தால் போதும். வேலை விசாவில் இருந்தாலும் அந்தச் சலுகை உண்டு. காத்திருக்கிறேன்.

இதை எல்லாருக்கும் யோசனையாகச் சொல்ல மாட்டேன். வேலையில்லாமல் வருகிறவளுக்குத் துணைவர் விசாதான் வழி.

போன மாதம் ஷிஞ்சுகுவில் நகமுராயா என்ற பழைய கடையில் கறி சாப்பிடப் போனோம். 1927-இல் அந்தக் கறியை அங்கே கொண்டுவந்தது நம் விடுதலைப் போராளி ராஷ் பிஹாரி போஸ். ஆங்கிலேயரிடமிருந்து தப்பி வந்தவர். அவரை ஒளித்துவைத்தது அந்தக் கடையின் சோமா குடும்பம். அவருக்கு ஒரு காவல் வேண்டும் என்றே அவர்கள் மகள் தோஷிகோவை 1918-இல் கட்டிவைத்தார்கள். 1923-இல் அவர் ஜப்பானியக் குடிமகன் ஆனார். இரண்டு பிள்ளைகள். 1925-இல் தோஷிகோ இறந்துபோனாள், இருபதுகளில். ஒருவர் இந்த மண்ணில் நிற்பதற்காகவே நடந்த கல்யாணம்தான் அது. அதைப் பொய்க் கல்யாணம் என்று யார் சொல்வார்கள்? சாப்பிடும்போது எனக்கு உன் கேள்விதான் நினைவில் இருந்தது. அந்தக் கல்யாண வீட்டில் பேசியவர்கள் மேல் இருந்த கோபமும் கொஞ்சம் ஆறியது.

தை மாதம் ஊருக்கு வருகிறோம். இந்தியத் தூதரகத்திலும் பதிந்துவிட்டோம், இரண்டு வருடம் நிறைந்தால் கென்ஜி ஓ.சி.ஐ. அட்டைக்கு (இந்தியாவோடு உறவுள்ள வெளிநாட்டவருக்கு நம் அரசு தருவது) மனுப் போடலாம், அதன்பின் ஒவ்வொரு தடவையும் விசா எடுக்க வேண்டாம். அண்ணனே ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்றிருக்கிறான். நீ கோவில்பட்டியிலிருந்து ஒரு ஞாயிறு வந்துவிடு. கடலைமிட்டாய் கென்ஜிக்கு உயிர், இரண்டு பாக்கெட் வாங்கிவா. அம்மா காலுக்கு இங்கே ஒட்டுகிற வலி பிளாஸ்திரி நன்றாக இருக்கும், நான் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
மீனா